சங்ககிரிக்குக் கூட்டிப்போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

சேலம் மாவட்டத்தில் சுற்றுலாவையும் கோட்டைகளையும் பழங்கோயில்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் சிவதாபுரத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்கு ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. அதனால் எங்கள் வீட்டில் வெளியே போவதென்றால் பெரும்பாலும் ஒரே நாள்தான். விடியுமுன் கிளம்பி இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். எங்கே போவது என்று முடிவுசெய்வது, வண்டி பேசுவது, புளிச்சோறு கட்டுவது, மாமியாரின் மாத்திரையிலிருந்து குழந்தையின் மாற்றுத்துணிவரை எடுத்துவைப்பது எல்லாம் என் பொறுப்பு. ஒரு நாள் வீணானால் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

முந்தின வருடம் ஆயுத பூஜை விடுமுறையோடு இன்னும் இரண்டு நாள் சேர்த்துப் பட்டறையை மூடிவிட்டு ஹம்பி போனோம். அங்கே ஒரு நாள் முழுக்க எங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்று ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டோம். கன்னடக்காரர், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். காலையில் வந்தவர் முதலில் வரலாறே பேசவில்லை. அத்தையைப் பார்த்து முழங்கால் எப்படி என்று கேட்டார். குழந்தைக்கு எத்தனை வயது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவாள், வெயில் தாங்குவாளா என்று கேட்டார். அதற்கப்புறம்தான் அன்றைய நாளைப் பிரித்தார். வெயில் ஏறுமுன் விட்டல கோயில், அங்கே போய்வர பேட்டரி வண்டி. உச்சிவேளையில் நிழலில் ஓய்வு. நான்கு மணிக்குமேல் மகாநவமி திப்பா என்கிற பெரிய கல்மேடை. பொழுது சாய ஹேமகூட மலை. கல்தேர் முன்னால் நிற்கவைத்து, சட்டைப்பையிலிருந்து 50 ரூபாய் நோட்டை எடுத்து என் மகன் கையில் கொடுத்து, "பின்னாடி திருப்பிப் பாரு" என்றார். அந்தத் தேர் நோட்டில் இருந்தது. திப்பாவின் கல் பக்கங்களில் யானையும் குதிரையும் ஆடுகிற பெண்களும் வரிசையாகப் போவதைக் காட்டி, நவராத்திரிக்கு ராஜா மேலே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தார் என்று சொன்னபோது, ஏழு வயதுப் பெண் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு, விஜயநகரத்தின் தலைநகரமாக இருந்த அந்த நகரம் எப்படிச் சூறையாடப்பட்டது என்பதை அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எங்களில் ஒருவரும் கைப்பேசியை எடுக்கவில்லை.

ஊர் திரும்பி மூன்று மாதம் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. ஒன்பதாவது படிக்கிற என் மகன் கேட்டான்: "ஏம்மா, அவ்வளவு தூரம் போனோமே, நம்மூர்ல கோட்டையே இல்லையா?"

இருக்கிறது. சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் சங்ககிரி போய்விடலாம். விஜயநகரக் காலத்துக் கோட்டை. பிறகு மைசூர்க்காரர்கள் கையிலும் ஆங்கிலேயர் கையிலும் இருந்தது. அந்த வழியாகத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு வந்தால் ஒரு நாள் சரியாக இருக்கும். விஜயநகரத்தின் கதை ஹம்பியோடு முடியவில்லை, அவர்களுக்குக் கீழே மதுரை நாயக்கர்கள், நாயக்கர்களுக்குக் கீழே இந்தப் பக்கத்தைக் கட்டி முதலியார்கள் என்று அது எங்கள் வாசல்வரை வந்திருக்கிறது என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். ஹம்பி போலவே ஒரு நாளுக்கு ஒரு வழிகாட்டியைப் பேசிவிடலாம் என்றும் நினைத்தேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் போன் செய்தேன். பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "ஏற்காடுன்னா சொல்லுங்க, போட்டிங், லேடீஸ் சீட், எல்லாம் சேர்த்து பேக்கேஜ் இருக்குது. சங்ககிரிக்கெல்லாம் ஆள் கிடையாதுங்க." ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்து எண்ணைக் கொடுத்தார்கள். அங்கே கேட்டால், கோட்டை எங்களுடையதில்லை என்றார்கள். கடைசியாக வண்டி ஓட்டுநர் தம்பி சொன்னார்: "மேல ஒண்ணுமில்லைக்கா, கல்லும் முள்ளும்தான். எதுக்கு அத்தனை தூரம் ஏறிக்கிட்டு?"

போனோம். அன்று நடந்ததில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அடிவாரத்துக்குப் போகும்போதே மணி ஒன்பதரை. ஏழு மணிக்கு ஏறத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது பாதி மலையில், பாறை சுட ஆரம்பித்த பிறகு தெரிந்தது. மேலே போய்வர எவ்வளவு நேரமாகும் என்று தெரியாததால் அத்தையை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டுப் போனோம். நான்கு மணி நேரம் அவர் அங்கேயே இருந்தார். அடிவாரத்தில் சோமேசுவரர் கோயில் இருக்கிறது, அங்கே நிழலாக உட்கார்ந்திருக்கலாம் என்று சொல்ல ஆளில்லை. ஏழு பேருக்கு நான்கு லிட்டர் தண்ணீர் கொண்டுபோனோம். இரண்டாவது திருப்பத்திலேயே குழந்தைக்கு நாக்கு வறண்டது. வாசலுக்குமேல் வாசலாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வாசலும் ஏன் முந்தினதற்கு நேராக இல்லாமல் திரும்பி நிற்கிறது என்று மகன் கேட்டான். அவன் அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மதில் முழுக்க யார் யாருடைய பெயரோ சுண்ணாம்பிலும் பெயின்ட்டிலும் எழுதிக் கிடந்தது. குழந்தைகள் சத்தமாகப் படித்துப் பார்த்தது அதை மட்டும்தான்.

மேலே ஏறியதும் மகன் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது. "சின்னமலையைத் தூக்குல போட்டது எந்த இடம்மா?"

தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் 1805இல் இந்தச் சங்ககிரியில்தான் தூக்கிலிட்டார்கள். கொங்கு நாட்டில் ஆடிப்பெருக்கன்று அவரை நினைக்காத ஊர் குறைவு. பாடப்புத்தகத்தில் வருகிறார். அந்த மலைமேல் நின்று ஒரு பதினான்கு வயதுப் பையன் கேட்கிறான், பெற்றவர்கள் சுற்றுமுற்றும் பார்க்கிறோம். நல்ல வழிகாட்டி ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு முன்பே கதையைத் தொடங்கியிருப்பார். மைசூர்க்காரர்கள் காலத்தில் கொங்குச் சீமையின் வரிப்பணம் வந்து சேர்ந்த கோட்டை இது. அப்படி மைசூருக்குப் போன பணத்தை வழியில் மறித்து எடுத்துக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல்" என்று தீர்த்தகிரி (அதுதான் சின்னமலையின் இயற்பெயர்) சொன்னதாகவும், அதிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்றும் கதை இருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு இந்தப் பக்கத்தை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராக வந்தார். வரி வாங்கும் கை மாறியது, வரி மாறவில்லை. எந்தக் கோட்டைக்குப் போகிற பணத்தைப் பிடுங்கினாரோ அந்தக் கோட்டையிலேயே அவர் உயிர் போனது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. திரும்பி வந்து ஒரு மாதம் நூலகத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மலைமேல் நிற்கும்போது கேட்டிருந்தால் என் மகனுக்கு வாழ்நாள் முழுக்க மறந்திருக்காது.

மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு வந்தார். "கண்ணு, இந்தப் பக்கமா வாங்க, அங்க வழுக்கும்" என்று குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். சுனையைக் காட்டினார். தானியம் கொட்டிவைத்த கட்டடத்தைக் காட்டினார், மருந்து வைத்த இடத்தைக் காட்டினார். வெடிமருந்தைத்தான் மருந்து என்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பெருமாள் கோயிலைக் காட்டினார். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் மலைத்தேனீ கட்டியிருக்கிறது, அங்கே ஏன் சத்தம் போடக்கூடாது என்றார். இந்த மலையிலிருந்து மைசூருக்குச் சுரங்கம் போகிறது என்றும் சொன்னார். அரைமணி நேரம் அவரோடு நடந்ததுதான் அன்றைக்கு நாங்கள் கோட்டையைப் பார்த்த நேரம். கொடுத்த பணத்தை வாங்க மறுத்து, குழந்தை கையில் இருந்த முறுக்கில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெரியவருக்கு மலை தெரியும். எங்கே வழுக்கும், எங்கே தேனீ, எங்கே நிழல் என்பதை எந்தப் படிப்பும் அவரைவிட நன்றாகச் சொல்லித்தராது. மைசூர்ச் சுரங்கம் மாதிரி ஒரு கதை நம் நாட்டில் கோட்டைக்குக் கோட்டை உண்டு; அதைச் சொல்வதில் தவறில்லை, கதை என்று சொல்லித்தான் சொல்ல வேண்டும். கதையைக் கதையாகவும் கல்வெட்டைக் கல்வெட்டாகவும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ அந்தப் பெரியவரிடம் ஆறுமாதம் மலையேறிப் பழகினால், நான் கேட்கிற வழிகாட்டி கிடைத்துவிடுவார். அப்படிப்பட்டவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. பெரியார் பல்கலைக்கழகத்திலும் அரசுக் கல்லூரிகளிலும் வரலாறு படித்துவிட்டு வேறு வேலை தேடுகிறவர்கள் எத்தனை பேர்! வாரக்கடைசியில் சொந்தக் காசில் நடுகல் தேடி அலைகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துவைக்க ஒருவரும் முன்வரவில்லை என்பதுதான் குறை.

தாரமங்கலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீழே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு நேராக அங்கே போய், நடை சாத்தியிருக்கக் கண்டு, வெளியே காத்திருந்தோம். பகலில் நடை சாத்துவார்கள் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், அது என் தப்பு. திறந்த பிறகு உள்ளே போய்ச் சாமி கும்பிட்டோம், தூண்களைப் பார்த்தோம், "அடேயப்பா, என்ன வேலைப்பாடு" என்றோம், போட்டோ எடுத்தோம், கிளம்பினோம். அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒரு கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, எதை வேண்டுமானாலும் செய்துதருகிறோம், ஆவுடையார்கோயில் கொடுங்கை (வளைந்த கல் கூரை விளிம்பு), கடாரங்கொண்டான் மதில், தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழிப் பலகணி (கல் ஜன்னல்) இவை நீங்கலாக என்று எழுதுவார்களாம். அப்படி விலக்கிவைத்த தூணுக்கு முன்னால் நின்றுகொண்டு நாங்கள் அடேயப்பா மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். சிங்கத்தின் வாயில் உருளுகிற கல் உருண்டையை மட்டும் ஒரு பூக்கார அம்மா கூப்பிட்டுக் காட்டினார். குழந்தை விரலை விட்டு உருட்டிப் பார்த்தாள். வெளியே வராது என்றதும் இன்னும் நான்கு முறை உருட்டினாள்.

ராமன் வாலிமேல் அம்பு விடுகிற தூண்கள் அங்கே இருக்கின்றன. ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். மறைந்து நின்று அம்பு விட்டான் என்ற ஒரு வரியை அந்தச் சிற்பி கல்லிலே, தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள தூரத்திலே சொல்லியிருக்கிறான். இதையும் நான் பிறகுதான் படித்தேன். அன்றைக்கு நாங்கள் வாலிக்குப் பக்கத்தில்தான் நின்று குடும்பப் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் வாலி இருக்கிறான், நாங்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சங்ககிரிக் கோட்டை மத்திய தொல்லியல் துறையிடம் இருக்கிறது. தாரமங்கலம் கோயில் அறநிலையத் துறையிடம். அருங்காட்சியகத்துக்குத் தனித் துறை, சுற்றுலாவுக்குத் தனித் துறை, அகழாய்வுக்கு மாநிலத் தொல்லியல் துறை. நிர்வாகத்துக்கு இது அவசியமாக இருக்கலாம். ஆனால் ஒரு குடும்பம் காலை ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் அதற்கு இது ஒரே நாள். கோட்டையில் இருக்கிற பலகை, சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற சட்டத்தைச் சொல்வதற்கு இருக்கிறது. அது வேண்டும்தான். தன் பெயரை மதிலில் எழுதுகிற பையனுக்கு அந்த மதில் யாருடையது என்று ஒருவர் ஒருமுறை சொல்லியிருந்தால் அந்தப் பலகைக்கு வேலை குறைந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நான் கேட்பது இதுதான். நீங்கள் எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, இந்த மாவட்டத்துக்கென்று முதலில் ஓர் இருபது வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். அதில் பாதியாவது பெண்களாக இருக்கட்டும். ஆண்துணை இல்லாமல் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மத்திய சுற்றுலா அமைச்சகம் இணையவழியில் வழிகாட்டிகளுக்குச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது, அது அடிப்படை. அதற்குமேல் இந்த ஊர்க் கல்லை இந்த ஊரில்தான் படிக்க வேண்டும். மலையேற்றத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது, தேனீ கொட்டினால் என்ன செய்வது என்பதும் அந்தப் படிப்பில் இருக்கட்டும். அரை நாளுக்கு இவ்வளவு, முழு நாளுக்கு இவ்வளவு என்று கட்டணத்தை நீங்களே நிர்ணயித்து, பெயரையும் எண்ணையும் கோட்டை அடிவாரத்திலும் கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் எழுதிவையுங்கள். இலவசமாக வேண்டாம். முழு நாளுக்கு 2,000 ரூபாய் என்றாலும் நாங்கள் கொடுப்போம்; அன்றைக்கு வண்டிக்கும் டீசலுக்கும் அதற்குமேல் கொடுத்தோம். நன்றாகச் சொல்கிற ஆளுக்கு அது நல்ல பிழைப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் அவர் அதில் நிலைப்பார்.

சங்ககிரியோடு இதை நிறுத்தவும் முடியாது. ஏற்காட்டுக்கு இருபது கொண்டையூசி வளைவு ஏறி வருகிறவர்கள் படகு விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சேர்வராயன் மலைகளில் புதிய கற்கால மனிதர்கள் வழவழப்பாகத் தீட்டிய கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிட்ட சிறு கோயில்களே அங்கே இருந்திருக்கின்றன. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்த நாட்டு மனிதனின் வயதைப் பல்லாயிரம் ஆண்டு பின்னால் கொண்டுபோன ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பிறகு வாழ்ந்தது ஏற்காட்டில்தான். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், 1855இல் தினவர்த்தமானி என்ற தமிழ் இதழைத் தொடங்கியவர், ஆறாயிரத்துக்கும் மேல் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், அவரும் இந்த மலையில்தான் இருந்தார். காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் சொல்லும் கதையையும், சேர்வராயன் குகையின் கதையையும் அந்த மக்களின் பிள்ளைகளே சொல்ல வேண்டும். அந்த இருபதில் அவர்களுக்கு இடம் ஒதுக்குங்கள். தரைப் பக்கத்து ஆள் போய் அவர்கள் சாமியைப் பற்றி விளக்குவது சரியாகாது.

கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் ஆளுயரத்துக்கும் மேலான கல் புத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஆறகளூர், வாணகோவரையர்கள் என்ற குறுநில மன்னர்களின் தலைநகரம். அது தனியாக ஒரு நாள் பயணம்.

எனக்கு மிகவும் ஆதங்கமானதை இன்னும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கஞ்சமலை தெரியும். இரும்புத்தாது நிறைந்த மலை. அதற்குப் பக்கத்திலேயே உருக்காலை. என் மகன் பிறந்ததிலிருந்து இரண்டையும் பார்க்கிறான். மேட்டூருக்குப் பக்கத்தில் மாங்காட்டில் கிடைத்த இரும்புப் பொருளின் காலம் கி.மு. 1510 என்றும், தெலுங்கனூரில் கிடைத்த வாள் எஃகினால் ஆனது என்றும் ஆய்வு சொல்கிறது. 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை வந்தபோது நாடு முழுக்கப் பேசினார்கள். 3,500 ஆண்டுக்கு முன்னால் இரும்பு உருக்கிய மண்ணில் இருக்கிறோம் என்பதை அவன் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். கஞ்சமலையைக் கைகாட்டி, உருக்காலையைக் கைகாட்டி, அப்படியே மேட்டூர்ப் பக்கம் கைகாட்டி ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு இந்த மாவட்டத்தில் ஆள் இல்லாமல் இருக்கிறது.

காலாண்டு விடுமுறையில் நாத்தனார் மறுபடி வருகிறார். இந்த முறை ஏழு மணிக்கே மலையேறிவிடுவோம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அத்தையைச் சோமேசுவரர் கோயிலில் உட்காரவைத்துவிட்டு. தாரமங்கலத்துக்கு நான்கரை மணிக்கு; மேற்குப் பார்த்த கோயில், அந்நேரத்து வெயில் உள்ளே விழும். நான் படித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதை வைத்து எனக்குத் தெரிந்தவரை நானே குழந்தைகளுக்குச் சொல்லுவேன். வாசல்கள் ஏன் திரும்பி நிற்கின்றன என்ற கேள்விக்கு மட்டும், நேராக ஓடிவந்து கதவை இடிக்க யானைக்கு இடம் கொடுக்காமல் இருப்பதற்காக என்று கோட்டைகளைப் பற்றிப் பொதுவாகப் படித்த பதிலைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அதற்குள் நீங்கள் ஒரே ஒருவரைப் பயிற்சி கொடுத்து அனுப்பினாலும் சரி, முதல் நாள் எங்களுக்கு ஒதுக்குங்கள். ஏழு பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருத்திக்கு எட்டு வயது நடக்கிறது.

இப்படிக்கு,
சிவதாபுரத்திலிருந்து,
ஒரு கொலுசுப் பட்டறைக் குடும்பத்துப் பெண்